பதினெட்டு ரோஜாவும் அமலியின் முதுகும்

பொங்கோலில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில், தூண்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில், ஒரு நாள் காலை நான் ஒரு குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தேன். முன்னால் ஓரடி, பக்கத்தில் ஓரடி, காலைச் சேர். பின்னால் ஓரடி, பக்கத்தில் ஓரடி, காலைச் சேர். எட்டாவது மாடியில் குடியிருக்கும் சீன ஆன்ட்டி சந்தையிலிருந்து காய்கறி வண்டியை இழுத்துக்கொண்டு வந்தவர் நின்றுவிட்டார். தலை சுற்றுகிறதா அங்கிள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, நடனம் பழகுகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. கைப்பையிலிருந்து சின்னத் தைலப் புட்டியை எடுத்து, என் உள்ளங்கையை விரித்து இரண்டு சொட்டு விட்டு, நெற்றிப்பொட்டில் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். மின்தூக்கியின் கதவு மூடும்வரை என்னைக் கவலையோடு பார்த்துக்கொண்டே போனார். தூத்துக்குடியில் பிறந்து, நண்பர்களின் கல்யாண ஊர்வலத்தில்கூட ஒரு காலை எடுத்து ஆடாத ஆள் ஐம்பது வயதுக்கு மேல் குடையோடு வால்ட்ஸ் பழகுகிறான் என்பதைவிட, அவனுக்கு மயக்கம் என்பது நம்புவதற்கு எளிதான செய்தி. அவரைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் ஒரே மகள் அமலிக்குப் பதினெட்டு வயது நிறையவிருந்தது. என் மனைவி ரோவீனா பிலிப்பீன்ஸில் இலோயிலோ என்னும் ஊர்க்காரி. இங்கே மருத்துவமனையில் தாதியாக வேலை பார்க்கிறாள். ஒரு பெண்ணுக்குப் பதினெட்டு நிறைவதை அவர்கள் நாட்டில் ‘டெபு’ என்ற பெயரில் பெரிய விழாவாக எடுப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு வேண்டிய பதினெட்டு ஆண்கள் ஆளுக்கொரு ரோஜாவோடு வந்து, பூவைக் கொடுத்து, அவளோடு ஒன்றிரண்டு சுற்று ஆடிவிட்டு, அடுத்தவரிடம் அவள் கையை ஒப்படைத்துப் போவார்கள். பதினெட்டுப் பெண்கள் ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்றி அவளிடம் மனதில் உள்ளதைச் சொல்வார்கள். எங்கள் வீட்டு ஏற்பாட்டில் கடைசி ரோஜா தகப்பனுடையது. குடை அதற்காகத்தான்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களில் சிலர் முகம் சுளிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. நானும் முதலில் சுளித்தவன்தான். வயதுக்கு வந்த பெண்ணுக்கு விழா என்றால் எனக்குத் தெரிந்தது என் அக்கா ஜெசிந்தாவுக்கு நடந்த சடங்கு. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நிறுத்தி, தனித் தட்டு, தனிப் பாய் கொடுத்து ஓர் அறையில் வைத்தார்கள். பிறகு ஒரு நாள் தெருவை அடைத்துப் பந்தல், ஒலிபெருக்கி, தாய்மாமன் சீர்த்தட்டுகள். அக்காவுக்குக் கனமான பட்டுச்சேலை கட்டி மணையில் உட்காரவைத்தார்கள். நலுங்கு வைக்க வந்த பெண்கள் அவள் நிறத்தைப் பற்றிப் பேசினார்கள், முடியின் நீளத்தைப் பற்றிப் பேசினார்கள், எந்தத் தாய்மாமன் மகனுக்கு என்று பேசினார்கள். அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கடைசிவரை தலையை நிமிர்த்தவில்லை. அதில் அன்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். என் மாமா அந்தச் சீரைக் கொண்டுவந்து இறக்கியபோது அழுதார். ஆனால் அந்த நாளில் அக்கா ஒரு வார்த்தை பேசினாளா என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

ரோவீனாவின் டெபு அவர்கள் ஊர்க் கூடைப்பந்துத் திடலில் நடந்தது. அவள் தகப்பனார் மீன்பிடிக்கிறவர். ரோஜாவுக்கு அந்தத் தீவில் அன்றைக்கு வழியில்லாததால், வேலியோரச் செம்பருத்திகளைக் காலையிலேயே பறித்து வாளித் தண்ணீரில் போட்டுவைத்தார்களாம். பதினெட்டுச் செம்பருத்தி. பாதிப் பூ சாயங்காலத்துக்குள் சுருங்கிப்போனதாம். அவள் தகப்பனாரின் ஒரே ஜோடிச் சப்பாத்தைப் பதினேழாவதாக ஆடியவர் இரவல் வாங்கிப் போட்டிருந்தார். அதைக் கழற்றித் திரும்பக் கொடுப்பதற்குள் இசை தொடங்கிவிட, அவர் வெறுங்காலோடு மகளுடன் ஆடினார். இதை ரோவீனா எனக்குச் சொன்னது நாங்கள் மாதா கோயில் பாடற்குழுவில் பழகத் தொடங்கிய காலத்தில். வறுமைக் கதை சொல்கிறாள் என்று நினைத்து நான் முகத்தை இரக்கமாக வைத்துக்கொண்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். அது அவளுக்குப் பெருமைக் கதை என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

அந்தப் பெருமை இங்கே அவளுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். அமலி கைக்குழந்தையாக இருந்தபோது சிராங்கூன் சாலைத் துணிக்கடை ஒன்றில் ரோவீனா அவளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நான் பின்னால் வேறு அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமலிக்கு என் நிறம், என் மூக்கு. ஓர் அம்மாள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, “பாப்பா ரொம்ப அழகா இருக்கு. உங்க மேடம் எங்க?” என்று கேட்டார். இல்லப் பணிப்பெண் என்று நினைத்துவிட்டார். ரோவீனா அப்போதுதான் பழகியிருந்த தமிழில், “மேடம் நான்தான்” என்றாள். அந்த அம்மாள் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டு, மேடத்தைத் தேடி நாலாபக்கமும் பார்த்தார். பணிப்பெண் வேலையை ரோவீனா ஒரு நாளும் கீழாக நினைத்ததில்லை. அவளுடைய சித்தி மகள் இங்கே அந்த வேலைதான் செய்கிறாள், ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும்போதே தன்னைத் தாய் என்று ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லையே என்பதுதான் அவளுக்கு வலித்தது. அதே கேள்வி பல வாய்களிலிருந்து பல வருடம் வந்தது. பதினெட்டு வயதில் ஒரு நாள், எல்லாரும் பார்க்கிற இடத்தில், இவள் யார் மகள் என்று தான் சொல்லாமலே தெரியவேண்டும் என்று அவள் அப்போதிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் எல்லாரும் பார்க்கிற இடம் என்பதுதான் எனக்குப் பயமாகிப்போனது. அமலி தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தபோது, பள்ளிக்கு வந்த சுகாதாரத் தாதி பிள்ளைகளை ஒவ்வொருவராகக் குனியச் சொல்லிப் பார்த்தார். எங்கள் பிள்ளையை மட்டும் இன்னொரு தடவை குனியச் சொன்னார். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. மூன்று வருடம், பிளாஸ்டிக் கவசம் ஒன்றைச் சீருடைக்குள் இறுக்கிக் கட்டிக்கொண்டு, இந்த ஊர்ப் புழுக்கத்தில் பள்ளிக்குப் போனாள். தோள்பட்டைக்குக் கீழே தோல் உரிந்திருக்கும். இரவில் ரோவீனா மருந்து தடவுவாள். வளைவு நிற்கவில்லை. பதினாறு வயதில் அறுவை சிகிச்சை. எலும்பின் இரண்டு பக்கமும் கம்பி வைத்துத் திருகாணி போட்டார்கள். நான் சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் வேலை செய்கிறவன். பெட்டிகளை அடுக்கி, வலை போட்டு, வாரால் இறுக்கி, எவ்வளவு குலுங்கினாலும் அசையாதபடி கட்டி அனுப்புவதுதான் என் பிழைப்பு. அறுவைக்குப் பின் இன்றுவரை, வாரை இறுக்கும் திருப்பியின் சத்தம் கேட்டால் எனக்கு அவள் முதுகுதான் நினைவுக்கு வருகிறது. அவள் குளியலறையில் சோப்பைத் தவறவிட்டால்கூட நான் கதவருகே போய் நிற்கிறேன். “அப்பா, சோப்புதான் விழுந்துச்சு, நான் இல்ல” என்று உள்ளேயிருந்து சொல்வாள். ஆடலாம், ஓடலாம், நீந்தலாம் என்று மருத்துவர் சொல்லி வெகு நாளாகிறது. அவள் தேறிவிட்டாள். நான்தான் இன்னும் தேறவில்லை.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு ரோவீனாவின் தம்பி நோயல் இலோயிலோவிலிருந்து வந்தார். உயர்நிலைப்பள்ளி ஆசிரியர். அமலியின் உடுப்பை விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். அன்னாசி இலை நாரில் நெய்த துணி; வெளிச்சத்தில் பிடித்தால் தேன் நிறத்தில் மின்னும். இரண்டு தோளிலும் பட்டாம்பூச்சி இறகைப் போல விறைத்து நிற்கும் கைகள். அவர்கள் நாட்டின் பழைய மரபு உடை அது. இந்தக் காலத்துப் பெண்கள் பலர் இளவரசி கவுன் கேட்கிறார்கள், இவள் இதைக் கேட்டாள் என்பதில் நோயலுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அமலி அதைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். முன்னால் பார்க்க ராணி மாதிரி இருந்தாள். பிறகு திரும்பினாள். முதுகு இடுப்புக்குச் சற்று மேல்வரை திறந்திருந்தது. கழுத்துக்குக் கீழே தொடங்கும் தழும்பு, ஏறக்குறைய முழுவதும் வெளியே தெரிந்தது. தையற்காரர் தவறாக வெட்டிவிட்டார் என்று நினைத்து நான் ரோவீனாவைப் பார்த்தேன். தவறு இல்லை. அமலியே வீடியோவில் தையற்காரரிடம் சொல்லி அப்படி வெட்டச் சொல்லியிருக்கிறாள்.

நான் அறைக்குள் போய் அக்காவுக்குத் தொலைபேசினேன். அக்கா கல்யாணமாகி இங்கே வந்து முப்பது வருடமாகிறது, சிராங்கூனில் இருக்கிறாள். என் பயத்தைச் சொன்னேன். எங்கள் தமிழ் உறவினர் வருவார்கள், கோயில் ஆட்கள் வருவார்கள், எல்லார் கண்ணும் அந்தக் கோட்டில்தான் நிற்கும், ஐயோ பாவம் என்று யாராவது ஒருவர் அவள் காதில் விழும்படி சொல்வார்கள், அவள் உடைந்துபோவாள் என்றேன். “ஏல, முதல்லயே என்கிட்ட சொல்லக்கூடாதா?” என்றாள் அக்கா. பட்டுச்சேலை ஒன்று எடுத்து, கழுத்துவரை ஏறின ரவிக்கையும் தைத்துக் கொண்டுவந்துவிடுவதாகவும், ஆட்டம் தொடங்கும் முன் உடுப்பை மாற்றிவிடலாம் என்றும் சொன்னாள். தாய்மாமன் வந்திருக்கிறாரா என்று கேட்டாள். வந்திருக்கிறார் என்றதும் அவள் குரலே மாறிவிட்டது. கவசத்தோடு கிடந்த பிள்ளைக்கு அந்த நேரத்தில் சடங்கு செய்ய முடியாமல் போனதே என்ற ஏக்கம் அவளுக்கு உண்டு. அப்படியானால் சீர்த்தட்டுகளை நானே ஏற்பாடு செய்கிறேன், தாய்மாமன் கையால் கொடுக்கட்டும் என்றாள்.

கூடவே இன்னொரு சிக்கலும் கிளம்பியது. பதினெட்டு ரோஜாவில் ஒன்று அக்காவின் மகன் கெவினுக்கு. அத்தை மகன் முறைப்பையன். அவன் சபையில் வைத்துப் பூவைக் கொடுத்துக் கையைப் பிடித்து ஆடினால் பார்க்கிறவர்கள் நிச்சயம் ஆகிவிட்டதாக நினைக்கமாட்டார்களா என்று அக்கா கேட்டாள். அதுவும் அவனைப் பதினேழாவதாக, தகப்பனுக்கு முன்னால் வைத்திருக்கிறீர்களே, அது என்ன கணக்கு என்றாள். ஒரு கணக்கும் இல்லை, உயரத்தின்படி நிற்கவைத்தோம் என்றேன். கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவையில் இருக்கும் கெவின் அப்போது விடுப்பில் வீட்டில்தான் இருந்தான். அவன் பின்னாலிருந்து, “அம்மா, அவ எனக்கு சிஸ்டர் மாதிரி லா. பன்னெண்டு வயசுல என் கேம் செட்டை ஒடச்சவ அவ” என்று கத்துவது கேட்டது. அந்தக் கத்தல் கேட்டு அறைக்குள் வந்த அமலி என் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கி, “மச்சான், ரோஜாவோட சேத்து ஒரு கேம் செட்டும் வாங்கிட்டு வாங்க” என்றாள். அக்கா சிரித்துவிட்டாள். அந்தச் சிக்கல் அதோடு தீர்ந்தது. சேலை தீரவில்லை.

விழாவுக்கு முந்தைய நாள் நானும் நோயலும் லிட்டில் இந்தியாவுக்குப் பூ வாங்கப் போனோம். அங்கே நடைபாதைப் பூக்கடைகளில் ரோஜா மாலைக்குத் தோதாகக் காம்பில்லாமல் கூடைகூடையாக இருக்கும். எங்களுக்கு நீளக் காம்போடு பதினெட்டு வேண்டும். மல்லிகைச் சரத்தை முழம் போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர், கல்யாணமா சாமிக்கா என்று கேட்டார். பிறந்தநாள் என்றேன். காம்பு எதற்கு என்றார். பதினெட்டு ஆண்கள் ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள் என்றேன். அவர் முழம் போடுவதை நிறுத்திவிட்டு நோயலைப் பார்த்தார். “இவரு?” என்றார். பிள்ளையின் தாய்மாமன் என்றதும் அவர் முகத்தில் குழப்பம் எல்லாம் தெளிந்தது. தாய்மாமன் என்றால் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கும் என்பதுபோல, உள்ளேயிருந்து பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, நல்ல பூவாகத் தானே பொறுக்கித் தந்தார். நோயலின் கையில் ஒரு முழம் மல்லிகையைச் சும்மா வைத்து அழுத்தினார். அது எதற்கு என்று நோயல் கேட்டார். எங்கள் வழக்கத்தில் ஒரு பெண்ணின் சடங்கில் தாய்மாமனுக்குத்தான் முதல் மரியாதை, அவர் வந்து நிற்காமல் எதுவும் தொடங்காது என்று விளக்கினேன். அவர்கள் நாட்டில் மாமனுக்கு அப்படித் தனி இடம் எதுவும் கிடையாது. கொஞ்ச தூரம் மல்லிகையை முகர்ந்துகொண்டு நடந்த நோயல், “பதினெட்டு வருஷமா எனக்கு இப்படி ஒரு பதவி இருக்கு. ஒருத்தரும் சொல்லலையே” என்று ஆங்கிலத்தில் குறைப்பட்டுக்கொண்டார். அன்றைக்கே இன்னொரு கடையில் நின்று தன் சட்டைக்குப் பொருத்தமாக ஒரு பட்டு அங்கவஸ்திரம் வாங்கிக்கொண்டார்.

விழா ஞாயிறு பிற்பகல், எங்கள் புளோக்குக்கு அருகே ஒரு மண்டபத்தில். ஒரு பக்கம் ரோவீனாவின் தோழியர், அவர்கள் குடும்பங்கள், வரும்போதே பாத்திரங்களில் நூடல்ஸும் வறுத்த பன்றியும் கொண்டுவந்து அடுக்கியவர்கள். மறுபக்கம் எங்கள் உறவினர், தட்டுகளுக்குச் சிவப்புத் துணி மூடிக்கொண்டு வந்தவர்கள். உட்காரச் சொல்லி யாரும் பிரிக்கவில்லை. அவர்களாகவே பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா நேராக மேடைக்குப் பின்னால் இருந்த சிறு அறைக்குப் போனாள். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே அமலி உடுத்தி முடித்துக் கண்ணாடி முன் நின்றிருந்தாள். ரோவீனா அவள் தோளில் உடுப்பின் கைகளை நிமிர்த்திவிட்டுக்கொண்டிருந்தாள். அக்கா சேலையைப் பிரித்துக் காட்டினாள். மயில் கழுத்து நிறம். நல்ல சேலை. இதைக் கட்டிக்கொண்டு ஆடலாம், ஆடி முடித்தபின் உங்கள் உடுப்பைப் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று அக்கா மென்மையாகத்தான் சொன்னாள். ரோவீனாவுக்கு அவ்வளவு தமிழ் நன்றாகப் புரியும். அவள் உடுப்பை நிமிர்த்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். இதற்காகத்தான் அவள் பதினெட்டு வருடம் காத்திருந்தாள். இதற்காகத்தான் நான் அக்காவைக் கூப்பிட்டேன். நான் வாசற்படியைத் தாண்டவில்லை.

அமலி திரும்பி அக்காவுக்கு முதுகைக் காட்டினாள். “அத்தை, கிட்ட வந்து பாருங்க. ஆஸ்பத்திரியில பாத்தப்ப அழுதுக்கிட்டே பாத்தீங்க, சரியா பாத்திருக்க மாட்டீங்க” என்றாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப்போனாள். “இதுக்குள்ள இருக்குற கம்பிதான் என்னை நிக்க வச்சிருக்கு. மூணு வருஷம் சட்டைக்குள்ள ஒளிச்சு வச்சதுல எனக்கு ஒண்ணும் நேராகல அத்தை. தொறந்து வெட்டின பொறகுதான் நேராச்சு. அதை எதுக்கு மூடணும்?” அக்கா விரலால் அந்தக் கோட்டை மேலிருந்து கீழே மெதுவாகத் தடவினாள். பிறகு சேலையை மடித்துத் தட்டில் வைத்தாள். தன் கண்ணோரத்து மையை ஆள்காட்டி விரலில் தொட்டு, அந்தத் தழும்பின் தலைப்பில், கழுத்துக்குக் கீழே, திருஷ்டிப் பொட்டு ஒன்று வைத்தாள். “இவ்வளவு பேரு பாக்கப்போறாங்க. கண்ணு பட்டுடும்” என்றாள். அது என்ன என்று ரோவீனா கேட்டாள். அழகான ஒன்றுக்குத்தான் நாங்கள் அந்தப் பொட்டை வைப்போம் என்று அமலிதான் ஆங்கிலத்தில் அம்மாவுக்குச் சொன்னாள்.

நோயல் அங்கவஸ்திரத்தோடு சீர்த்தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, பின்னால் மற்றத் தட்டுகள் வர, வாசலிலிருந்து மேடைவரை நடந்தார். எங்கள் உறவினர் தங்களை அறியாமல் எழுந்து நின்றார்கள். அதைப் பார்த்துப் பிலிப்பீன்ஸ்காரர்களும் எழுந்தார்கள். சேலைத் தட்டை அவர் கொடுக்க, அமலி அந்த உடுப்போடேயே குனிந்து வாங்கிக்கொண்டாள். கம்பி வைத்த முதுகு வளையாமல், முழங்காலை மடக்கிக் குனிகிற அவளுடைய குனிதல். மெழுகுவத்தி ஏற்றுகிற பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பாடினார்கள், அழுதார்கள், ஒருத்தி அவளுடைய பழைய ரகசியம் ஒன்றைப் போட்டு உடைத்தாள். அக்காவின் முறை வந்தது. எங்கள் வீட்டு விழா எதிலும் அவள் ஒலிபெருக்கியைத் தொட்டவள் இல்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். “இந்தப் பிள்ளை பொறந்தப்ப தாய்க்கு அடுத்து நான்தான் தூக்கினேன். அப்ப முதுகு நேராத்தான் இருந்துச்சு. நடுவுல வளைஞ்சுது. இப்ப இங்க உக்காந்திருக்குற எங்க எல்லாரையும்விட நேரா இருக்கு. அவ்வளவுதான்” என்றாள். தமிழ் புரியாத பிலிப்பீன்ஸ் பக்கத்தார் கெவினைப் பார்த்தார்கள். அவன் எழுந்து, அவள் முதுகு நம் எல்லாருடையதையும்விட நேரானது என்று ஆங்கிலத்தில் சொன்னான். கைதட்டல் அந்தப் பக்கத்திலிருந்துதான் முதலில் கிளம்பியது. ஒரு நண்பியின் பாட்டனார் நாற்காலியில் தன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டார். அவரைப் பார்த்து நானும் நிமிர்ந்தேன்.

ரோஜாக்கள் தொடங்கின. நோயல், அவள் பள்ளித் தோழர்கள், பாடற்குழு நண்பர், அக்கா வீட்டுக்காரர். அவர் பூவை நீட்டிவிட்டு ஆடத் தெரியாமல் கும்பிட்டுவிட்டு ஓடிவந்தார். ஒவ்வொருவரும் அவளைச் சுற்றும்போது அந்த முதுகு ஒரு பக்கம் இருந்தவர்களுக்கும் பிறகு மறுபக்கம் இருந்தவர்களுக்கும் தெரிந்தது. நான் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சிலர் கண்ணை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். என் பயம் முழுக்கப் பொய் என்று நான் எழுதினால் அது உண்மையாக இருக்காது. ஆனால் அவள் யாருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவளுக்கு ஆட நிறைய இருந்தது. கெவின் அவளைச் சுழற்றி என் முன்னால் நிறுத்தி, “மாமா, உங்க டர்ன்” என்றான். பூவைக் கொடுத்தேன். என் வலது கை அவள் முதுகில் எங்கே இருக்கவேண்டும் என்று நோயல் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல் காற்றில் வைத்துக்கொண்டு இரண்டு சுற்று ஆடினேன். “அப்பா, பிடிங்க. உடையாது” என்றாள். பிடித்தேன். தோல் சூடாக இருந்தது. அதன் அடியில் கம்பி ஒன்றும் தெரியவில்லை. ஒரு பெண்ணின் முதுகுதான் தெரிந்தது. வாரும் வலையும் இல்லாமல், என் கைக்குள் அது தானாகவே அசைந்துகொண்டிருந்தது. காலை எண்ணுவதை மறந்துவிட்டேன். அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்காலிகளுக்கு மேலாக ரோவீனாவைப் பார்த்தேன். ஒரு தமிழ் அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை அப்படியே அம்மா நடை என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அதைப் பிறகு அவள் எனக்கு நாலைந்து தடவை சொன்னாள்.

முடிந்தபின் எல்லாரும் சேர்ந்து படம் எடுக்க மேடையில் நின்றோம். அமலி நடுவில். படத்தில் பார்க்க அவளுக்கு இடப்பக்கம் அம்மா வீட்டார், வலப்பக்கம் நாங்கள். படம் எடுக்க வந்திருந்த மலாய் இளைஞர் தயாரா என்று கேட்டதும், இடப்பக்கத்திலிருந்து நோயல், “இசா, டுஹா, டாட்லோ” என்று தங்கள் மொழியில் எண்ணினார். அதே நேரத்தில் வலப்பக்கத்திலிருந்து அக்கா, “ஒண்ணு, ரெண்டு” என்று ஆரம்பித்தாள். அவர் முடித்தபோது அவள் மூன்றுக்கு வரவில்லை. இளைஞர் இரண்டு தடவை சொடுக்கினார். முதல் படத்தில் இடப்பக்கம் முழுக்கப் பல் தெரியச் சிரிக்கிறது, வலப்பக்கத்தில் ஒருவர் முந்தானையைச் சரிசெய்கிறார், ஒருவர் தும்மப்போகிறார். இரண்டாவதில் நாங்கள் சிரிக்கிறோம், அவர்கள் கலைந்து பேசத் தொடங்கிவிட்டார்கள். இருபது வருடமாக எனக்கு இரண்டு எண்ணிக்கையும் தெரியும். எதற்குச் சிரிப்பது என்று யோசித்து, இரண்டு படத்திலும் நான் வாயை அரைகுறையாகத் திறந்துகொண்டு எங்கோ பார்க்கிறேன். அமலி இரண்டிலும் நேராக நின்று சிரிக்கிறாள். இரண்டிலும் என் வலது கையைக் காணோம். அது அவள் முதுகில் இருக்கிறது.